துரைசாணி கப்பலில் போனவர்

என் கண்ணு,

சர்வர் டவுன் என்று உன்னிடம் நான் சொன்ன அந்தப் பதினோரு நாளும் சர்வர் நன்றாகத்தான் வேலை செய்தது. கப்பல் படிப்புக்கு நீ தேர்வாகிவிட்டாய் என்ற மெயில் முதல் நாள் காலையிலேயே என் கடைக்கு வந்துவிட்டது. மரக்காணம் பஜாரில் இ-சேவை மையம் வைத்திருப்பவளின் மகன் அம்மாவின் மெயில் ஐடியைத்தானே கொடுப்பான்! படித்தேன். ஒரு ஃபோல்டரைத் திறந்து உள்ளே தள்ளினேன். யாரும் தொடக் கூடாது என்று அதற்குப் 'பழைய பட்டா' என்று பேர் வைத்தேன். நீ தினமும் வந்து நின்று "எதுனா வந்துச்சாம்மா?" என்று கேட்டாய். "சர்வரே இல்லடா" என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லும் பதிலை உனக்கும் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் நீ கேட்காமலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்தா, இப்பதான்டா வந்துச்சு" என்று காட்டினேன். சேருவதற்கு இரண்டே நாள்தான் பாக்கி இருந்தது. நீ என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். உன்னை ஏமாற்றினவளைத்தான் தூக்கிச் சுற்றினாய், மன்னிச்சுக்கோ.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், நீ முதல் கப்பல் ஏறிவிட்டாய். இனி அதை யாரும் எந்த ஃபோல்டரிலும் ஒளிக்க முடியாது. இந்தக் கடிதத்தை உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டப் போகிறேன். நம் குடும்பத்தைப் பற்றி ஒரு பொய்யை எண்பது வருஷமாக இந்த ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவர்கள் நின்ற நேரத்துக்கு உண்மையைப் படிக்கட்டும். போனில் உனக்கு நான் சொன்னதும் பாதிதான், சிக்னல் விட்டு விட்டு வந்தது, நான் வேறு அழுதுகொண்டிருந்தேன். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் மெயிலை ஒளித்தது உன் தாத்தாவுக்குப் பயந்துதான். என் அப்பா ஏழுமலையின் அப்பா பேர் முனுசாமி. மரக்காணத்து உப்பைப் பக்கிங்காம் கால்வாய் வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுபோகும் படகில் ஆள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியான நேரத்தில் படகுகள் நின்றுபோய், வேலை இல்லாமல் கப்பலுக்குப் போனார். என் அப்பா அப்போது கைக்குழந்தை. கல்கத்தாவிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை, திரும்பி வந்து பிள்ளைக்கு மொட்டை போடலாம்" என்று யாரையோ விட்டு எழுதியிருந்தார். அதோடு சரி. போர் முடிந்து பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர் ஒருவர் கப்பல் வேலையிலிருந்து வந்தார். "முனுசாமியா? ரங்கூன்ல ஒரு பர்மாக்காரி கூட இருந்தானே, நான் பாத்தேனே" என்றார். அன்றிலிருந்து என் அப்பாவுக்கு ஊரில் வேறு பேர் கிடையாது, 'ஓடிப்போனவன் மகன்'தான். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒருவன் அப்படிச் சொல்ல, அவனை அடித்துவிட்டு வந்து, தன் நோட்டில் பேருக்கு முன்னால் இருந்த 'மு.' எழுத்தை அழுத்தி அழுத்தி அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இனிஷியல் போட்டுக் கையெழுத்துப் போட்டதே இல்லை. நான் கடை வைத்த பிறகு ஏதோ ஒரு அட்டைக்கு அவர் பேரைப் பதிவு செய்யப் பார்த்தேன். தகப்பனார் பேர் கட்டத்தை நிரப்பாமல் விண்ணப்பம் ஏறவில்லை. "அப்ப அந்த அட்டையே எனக்கு வேணாம் போ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனின் பேரன் கப்பலுக்குப் போகிறேன் என்றால் சும்மா இருப்பாரா? நீ சேர்ந்த அன்றைக்கு அவர் சொன்னதை நீயும் கேட்டாய். "கப்பல் ஏறுறவன் என் வாசப்படி மிதிக்க வேணாம்." அதற்குப் பிறகு உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. பயிற்சிக்குக் கிளம்பும் முன்பு நமக்குள் சண்டை வந்ததே, அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஓடிப்போனவன் ரத்தம்தானடா உன் உடம்புல ஓடுது" என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஊர் சொன்னபோது எரிந்த வார்த்தையை நானே என் பிள்ளை மேல் எறிந்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க ஒரு வழிதான் இருந்தது, முனுசாமி ஓடிப்போகவில்லை என்று காட்ட வேண்டும். உன் தாத்தாவுக்கு எண்பத்து நான்கு ஆகிறது, அவர் காது கேட்கிற காலத்திலேயே காட்ட வேண்டும்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். உன் அப்பா மண்வெட்டியை எரவாணத்தில் செருகிவிட்டுத் தூங்குவார். மழை பெய்தால் என் கடைக்கும் ஆள் வராது. அந்த மழைக்காலத்தில்தான் தேட ஆரம்பித்தேன். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். 'முனுசாமி, மரக்காணம், கப்பல்' என்று போட்டேன். கல்யாணத் தகவல் மையமும் ஒரு மீன் கடையும் வந்தன. இங்கிலீஷில் போட்டேன், வேறு யாரோ முனுசாமிகள் வந்தார்கள். வாரக் கணக்கில் இப்படியே போனது. பிறகுதான் புத்தி வந்தது. உனக்கும் சொல்கிறேன், நம்மைப் போன்றவர்களைக் காகிதத்தில் தேடும்போது ஆளைத் தேடாதே, அவன் ஏறிய வண்டியைத் தேடு. முனுசாமிக்கு யார் வரலாறு எழுதி வைத்தார்கள்? கப்பல் மூழ்கினால் அதற்கு முதலாளி இருக்கிறான், இன்ஷூரன்ஸ் இருக்கிறது, சரக்குக்குக் கணக்கு இருக்கிறது. கப்பலுக்கு நிச்சயம் எழுதி வைத்திருப்பார்கள்.

கப்பல் பேர் போஸ்ட் கார்டின் ஓரத்தில் இங்கிலீஷில் இருந்தது. போர்க்காலத்தில் கப்பல் பேரை மை பூசி அழித்துவிடுவார்களாம், அந்தக் கார்டு எப்படித் தப்பியதோ தெரியவில்லை. ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பேர். நம் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாததால் 'துரைசாணி கப்பல்' என்றே சொல்வோம். தாத்தா அப்பனை வெறுத்தாரே தவிர அந்தக் கார்டைக் கிழிக்கவில்லை, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துப் போட்டோ பிடித்தேன். இரண்டாவது திருட்டு.

கண்ணு, அப்புறம் நான் பார்த்தது வேறு உலகம். அந்தப் போரில் மூழ்கின சரக்குக் கப்பல்களுக்கென்றே பொழுதுபோகாத யாரோ புண்ணியவான்கள் இணையதளம் நடத்துகிறார்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்திலிருந்து எங்கே போனது, என்ன சரக்கு, எந்த நீர்மூழ்கி அடித்தது, கடலில் எந்த இடம், எல்லாம் இருக்கிறது. துரைசாணியின் பேரைப் போட்டேன். ஒரே தட்டில் வந்தாள்! போஸ்ட் கார்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் டார்பிடோ அடித்து மூழ்கியிருக்கிறாள். இன்ஜின் அறைப் பக்கம் அடி. கரி அள்ளுகிறவர்கள் அங்கேதானே இருப்பார்கள்? இன்னொரு தளத்தில் ரங்கூனைத் தேடினேன். அந்த வருஷம் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் இருந்தது. இங்கிலீஷ்காரன் கப்பல் அங்கே எப்படிப் போகும்? அனுமந்தைக்காரர் பார்த்த பர்மாக்காரி அன்றைக்கே செத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினேன், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இறந்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் பேர், வயது, ஊர், பெண்டாட்டி பேர். கடைசியில் ஒரே வரி, 'இவர்களுடன் இந்திய மாலுமிகளும்' என்று. பேர் கிடையாது, எத்தனை பேர் என்பது மட்டும்தான். எனக்கு வந்த கோபத்தில் மௌஸைத் தூக்கி எறிந்திருப்பேன், புதுசு என்பதால் விட்டேன். பழைய மாலுமிகளும் அவர்களின் பிள்ளைகளும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஒரு தளம் இருந்தது. அதில் போய், மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் சண்டையே போட்டேன். "இவர்களுக்கு மட்டும் பேர் இல்லையா?" என்று. சண்டைக்குப் பதில் மரியாதையாக வந்தது. ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர், இங்கிலாந்துக்காரர், எழுபது தாண்டினவர், "அம்மா, பேர் இருக்கிறது. யாரும் கணினியில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். கப்பலில் சேரும்போது எழுதிய ஆள் பட்டியல் இங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கும். நான் வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன்" என்று எழுதினார். முன்பின் தெரியாத ஒரு மரக்காணத்துப் பொம்பளைக்காக மழையில் பஸ் பிடித்துப் போயிருக்கிறார். முகம் தெரியாதவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள், அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதே. ஆனால் கேட்கும்போது நமக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டுக் கேள், காரியம் ஆனதும் மறக்காமல் நன்றி சொல்.

அவர் பட்டியலை டைப் அடித்து அனுப்பினார். எல்லாம் வங்காளத்துப் பேர்கள், வங்காளத்து ஊர்கள். முனுசாமி இல்லை. ஒன்றுக்கு நான்கு தடவை படித்தேன். இல்லவே இல்லை. தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்துல் கரீம், ஊர் கூனிமேடு, கரி அள்ளும் வேலை, கப்பலோடு இறந்தவர். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கப்பலிலேயே ஏறாதவர் என்றால் ஊர் சொன்னதுதான் நிஜமா? கல்கத்தாவில் இறங்கி வேறு எங்கோ போய்விட்டாரா? அன்றைக்குச் சாயங்காலம் தாத்தா வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் கடைக்கு ஒரு அம்மா வந்தது. தன் தங்கச்சியின் ஆதார் அட்டையைக் கொடுத்து, தன் பேரில் எதையோ எடுக்கப் பார்த்தது. "இது நீயில்லையே" என்றேன். "ரெண்டு பேரும் ஒரே ஜாடதான், போடு தாயி" என்றது. தினமும் பார்க்கிற கூத்துதான். அண்ணன் லைசென்ஸில் தம்பி வண்டி ஓட்டுவான், செத்த மாமியார் கார்டில் மருமகள் அரிசி வாங்குவாள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காகிதத்தில் இருக்கிற பேர் ஒருத்தருடையதாக இருக்கும், எதிரே நிற்கிற வயிறு இன்னொருத்தருடையதாக இருக்கும். அந்த அம்மாவைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். கப்பலில் சேர, பேரும் ஊரும் பதிந்த மாலுமிப் புத்தகம் வேண்டும், இப்போது உன்னிடம் இருக்கிறதே, அதுபோல. உப்புப் படகுக்காரருக்கு அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது? கடையைப் பூட்டினேன், புதுச்சேரி பஸ் ஏறினேன், கூனிமேட்டில் இறங்கினேன்.

மசூதிப் பக்கம் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். போட் இன்ஜின் மெக்கானிக் ஒருவர், அப்துல் கரீமின் பேரன், குழப்பமாக என்னைப் பார்த்தார். "போர்ல கப்பல்ல இறந்த அப்துல் கரீம் உங்க தாத்தாங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஐயோ, அந்தக் கதை உங்க வரைக்கும் வந்துடுச்சா? எங்க தாத்தா எங்கங்க கப்பல்ல எறந்தாரு? இதே வீட்லதான் மௌத் ஆனாரு, எனக்கே அப்ப ஏழு வயசு. அவரு எறந்துட்டாருன்னு சர்க்கார்லேர்ந்து லெட்டர் வந்துச்சாம். தபால்காரரு படிச்சுக் காட்டுறாரு, எங்க தாத்தா எதிர்ல நின்னு கேட்டுக்கிட்டே இருக்காரு! வருஷா வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்." உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார், அப்துல் கரீமின் மகள் ஜொகரா பீ, உன் தாத்தா வயதுதான் இருக்கும். "நீங்க சிரிப்பீங்க, அத்தா சிரிக்க மாட்டாரு. இந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடுவாரு" என்றார். "அப்ப அவரு கப்பல்ல போவலீங்களா?" என்று கேட்டேன். "போறதா இருந்தாரு. மெட்ராஸ்ல மஞ்சக் காமால வந்து படுத்துட்டாரு. ஒரு உப்புப் படகுல போட்டுத்தான் ஊருக்குக் கொண்டாந்தாங்களாம், அதான் கடைசிப் படகாம்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், உப்புப் படகுக்காரருக்குப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நான் எந்த ஊர், யார் மகள் என்று சொன்னேன். ஜொகரா பீ வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டார். "மரக்காணமா? அத்தா ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு தூக்குல பிரியாணி எடுத்துக்கிட்டு மரக்காணம் போவாரே. யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாரு." அந்தத் தூக்கு யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியும், உன் தாத்தா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஒரு பாய் பெருநாளைக்கு வாசலில் வந்து நிற்பாராம், உள்ளே கூப்பிட்டால் வர மாட்டாராம், தூக்கைக் கொடுத்துவிட்டுத் தாத்தாவின் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவாராம். ஏதோ வேண்டுதல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் பஸ்ஸில் அரை மணிகூட இல்லை. இங்கே அவமானமாக இருந்தது அங்கே தமாஷாக இருந்திருக்கிறது, ஒன்றை ஒன்று சந்திக்காமலே எண்பது வருஷம்.

ஆனால் கண்ணு, இதெல்லாம் பேச்சுதான். பேச்சால்தானே முனுசாமி ஓடிப்போனவர் ஆனார்? எனக்குக் காகிதம் வேண்டும். இன்ஜினியருக்கு எழுதினேன், "அப்துல் கரீம் பேர் இருக்கிற பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா, பெருவிரல் ரேகை இருந்தாலும் போதும்" என்று. அவர் எழுதின பதில்: "மற்றவர்கள் எல்லாம் ரேகைதான் வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் ரேகை வைக்காமல் சுருள் சுருளாக ஏதோ கிறுக்கியிருக்கிறார், எனக்குப் புரியவில்லை. படம் இணைத்திருக்கிறேன்." மழை நிவாரண விண்ணப்பத்துக்காகக் கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. படத்தைத் திறந்தேன். இங்கிலீஷில் 'அப்துல் கரீம்' என்று குமாஸ்தா அழகாக எழுதியிருக்கிறான். அதற்கு நேராக, கையெழுத்துப் போடுகிற இடத்தில், நல்ல தடிமனான தமிழில் எழுதியிருக்கிறது: முனுசாமி.

உப்புப் படகில் சரக்கு இறக்கினால் ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்காக அவருக்குத் தன் பேரை மட்டும் எழுதத் தெரியும். கடன் வாங்கின பேரில் கல்கத்தா வரைக்கும் ஜாக்கிரதையாகப் போனவர், பேனாவைக் கையில் கொடுத்ததும் படகு ஞாபகத்தில் தன் பேரையே போட்டுவிட்டார்! கல்கத்தா குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தைப் புரட்டின யாருக்கும் தெரியாது. ஒரு தமிழ்க் கண் படுவதற்காக அது அங்கேயே காத்திருந்திருக்கிறது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வரிசையில் முதலில் நின்ற அனுமந்தை அக்கா, "இன்னாம்மா, சர்வர் வந்துடுச்சா?" என்று கேட்டது. "வந்துடுச்சுக்கா! எண்பது வருஷம் கழிச்சு வந்துடுச்சு!" என்றேன். எல்லோருக்கும் டீ சொன்னேன். அந்த அக்கா ஊர்க்காரர்தான் பர்மாக்காரியைப் பார்த்தவர், இருந்தாலும் அதற்கும் ஒரு டீ.

தாத்தாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. கதையை முழுக்கச் சொன்னேன், படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு மடியில் வைத்தேன். தன் அப்பாவின் கையெழுத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். அப்துல் கரீம் மேல் வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வந்த லெட்டரைச் சொல்லாமல் ஒளித்தவர் அவர் மட்டுமா, உன் மெயிலை ஒளித்த நானும்தானே? "நைனா, அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊர் வாய அடச்சிருக்கலாமே" என்று நானே ஆரம்பித்தேன். தாத்தா தாளை ஓரம் பிசகாமல் மடித்தார். அப்புறம், "போர்க்காலத்துல புத்தகம் எரவல் குடுத்தது தெரிஞ்சா புடிச்சு உள்ள போட்டிருப்பான். பயந்துட்டாரும்மா" என்றார். "மொதல்ல பயந்தாரு. அப்புறம் சொல்லாம வுட்டதுக்கே பயந்திருப்பாரு. வருஷா வருஷம் அந்தத் தூக்க எடுத்துக்கினு வந்தாருல்ல, அது போதும்." அவ்வளவுதான். அந்தப் பதினோரு நாளுக்காக நான் இத்தனை காலம் சுமந்ததை அவர் அறியாமலேயே இறக்கி வைத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வந்தது.

கடலில் இறந்த மாலுமிகளின் பேர்களை ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள், அதற்கும் இணையதளம் இருக்கிறது, திருத்தம் கேட்க விண்ணப்பமும் இருக்கிறது. விண்ணப்பம் என்றால் நான் விடுவேனா? அப்துல் கரீம் கப்பலில் சாகவில்லை என்று காட்ட அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும். அவர் அன்றைக்குச் சாகவில்லை என்பதற்கு அவர் செத்த சான்றிதழை நானே என் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மெக்கானிக் எழுதிக் கொடுத்தார், ஜொகரா பீ ரேகை வைத்தார். போன வாரம் பக்கம் மாறிவிட்டது. இப்போது யார் தேடினாலும் வரும்: முனுசாமி, மரக்காணம், 'அப்துல் கரீம் என்ற பெயரில் பணியாற்றியவர்'. இந்தப் பெருநாளைக்குக் கூனிமேட்டிலிருந்து தூக்கு வந்தது. இந்த முறை வாசலில் யாரும் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்து நம்மோடு சாப்பிட்டார்கள். ஜொகரா பீயும் உன் தாத்தாவும் முட்டி வலிக்கு என்ன தைலம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி கொஞ்சம்தான். உன் மாலுமிப் புத்தகத்தை எவனுக்கும் இரவல் கொடுக்காதே, எவனுடையதையும் வாங்காதே. கப்பலில் உன்னோடு இருக்கிற ஒவ்வொருத்தன் பேரையும், சமையல்காரன் உட்பட, சரியாகத் தெரிந்து வைத்துக்கொள். கெட்ட சேதியோ நல்ல சேதியோ அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு நாள் வைத்திருந்தால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கும், நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தாத்தா ஒரு வேலை சொல்லியிருக்கிறார். துரைசாணி மூழ்கின இடத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். "அந்தப் பக்கம் போனா கப்பல் ஆரன ஒரு தடவ அடிக்கச் சொல்லு" என்றார். "புதுசா சேந்த பையன் கையில ஆரன் குடுப்பாங்களா நைனா?" என்றேன். "கேப்டன்கிட்ட கேக்கச் சொல்லு, விஷயத்தச் சொன்னா குடுப்பான்" என்கிறார். கேட்டுப் பார், முகம் தெரியாதவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள் என்று இப்போதுதான் எழுதினேன்.

நீ கிளம்பிய காலையில் ஒரு வருஷம் பேசாத மனுஷன் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்ததும், உன் பையில் ஒரு மடித்த தாளைச் செருகி "கப்பல் ஏறினப்புறம் பிரி" என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அது என்ன என்று உனக்குத் தெரியாது. திருத்த விண்ணப்பத்தில் வாரிசு கையெழுத்துப் போட அவரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தேன். தகப்பனார் பேர் என்ற கட்டத்தை நான் கேட்கவே இல்லை, அவரே "போடு, முனுசாமி" என்றார். பேனாவை வாங்கினார். முதலில் 'மு.' என்று எழுதினார். நிறுத்தி அதைப் பார்த்தார். பிறகு 'ஏழுமலை' என்று எழுதினார். "இன்னும் எங்கனா போடணுமா?" என்று கேட்டார். "இல்ல நைனா, ஒரு எடத்துலதான்" என்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவர் முன்னால் வைத்தேன். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. உன் தாத்தா குனிந்து உட்கார்ந்து, மேலிருந்து கீழ் வரைக்கும், ஓரத்தில்கூட இடம் விடாமல், எழுபத்திரண்டு வருஷம் போடாத கையெழுத்தை எல்லாம் போட்டு முடித்தார். அந்தத் தாள்தான் உன் பையில் இருக்கிறது, இப்போது பிரித்துப் பார்.

உன் அம்மா